காத்தலும் காட்டலும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் கவிதையைப் பற்றிப் பேசாமல் கறையானைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் தமிழ்க் கவிதையின் வரலாற்றில் எது நிற்கும், எது மறையும் என்பதை முடிவு செய்ததில் திறனாய்வாளர்களைக் காட்டிலும் பூச்சிக்கும் ஈரத்துக்கும் பங்கு அதிகம். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்களுக்கு உரிய பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்கள் அடி சிதைந்து நிற்கின்றன. வளையாபதியும் குண்டலகேசியும் உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் எடுத்தாண்ட சில செய்யுட்களாக மட்டுமே எஞ்சியுள்ளன. இவை தரம் குறைந்தவை என்று எவரும் தீர்ப்புச் சொல்லித் தள்ளியதாகச் சான்றில்லை. ஏடு போயிற்று, அதனோடு பாட்டும் போயிற்று. அவ்வளவுதான்.

ஆகவே ஏட்டையும் தாளையும் காப்பது நூலகருக்கு மட்டும் உரிய தொழில் அன்று. எழுதுகிறவர்களின் கவலையாகவும் அது இருக்க வேண்டும். காத்தல் என்ற ஒன்றோடு காட்டல் என்ற மற்றொன்றும் சேர்ந்தே வருகிறது. காட்டாமல் காப்பதற்குப் பொருள் இல்லை. காட்டக் காட்டக் காக்கப்படும் பொருள் தேய்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள பிணக்கை எவ்வாறு தீர்ப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒரு சாலையின் ஓரம்

இதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நாவலூர் நிற்கும் சாலையே போதும். பழைய மாமல்லபுரம் சாலை என்றும் ராஜீவ் காந்தி சாலை என்றும் வழங்கும் இச்சாலையைக் கணிப்பொறி நிறுவனங்களின் சாலை என்றே இன்று பலரும் அறிவர். அதன் வடபகுதியை ஒட்டிய தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நாவலூருக்கு அடுத்த செம்மஞ்சேரி, ஆசியவியல் நிறுவனம் அமைந்த ஊர். அந்நிறுவனம் திரட்டிய தமிழ் மருத்துவச் சுவடித் தொகுதி 1997-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் 'உலக நினைவு'ப் பதிவேட்டில் இடம் பெற்றது. இந்தியாவிலிருந்து அப்பதிவேட்டில் ஏறிய முதல் தொகுதி அதுவே. வேதச் சுவடிகளும் சைவச் சுவடிகளும் அதற்குப் பின்னரே ஏறின. இச்செய்தி இச்சாலையில் நாள்தோறும் போகிறவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாவலூருக்குத் தென்கிழக்கே, கழிமுகத்தை ஒட்டிய முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தெற்கே சாலை முடியும் இடத்தில் மாமல்லபுரம். அதற்கு மேற்கே திருக்கழுக்குன்றம். இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மீது குண்டு விழக்கூடும் என்ற அச்சத்தால் நகரை விட்டு வெளியேறிய உ. வே. சாமிநாதையர் தங்கியதும், 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் உயிர் நீத்ததும் அத்திருக்கழுக்குன்றத்தில்தான். ஏட்டைத் தேடி வாழ்ந்த ஒருவரின் இறுதி நாட்கள் இந்த வட்டாரத்தில் கழிந்தன. ஆக, சுவடி, அச்சு நூல், வீடு, கல் என்று நால்வகைச் சேகரங்கள் ஒரே சாலையின் வழியில் அமைந்துள்ளன. நான்கும் ஒரே கடற்காற்றைச் சுவாசிக்கின்றன.

ஓலை கற்பித்த ஒழுக்கம்

பனையோலையும் கூந்தற்பனை ஓலையும் எழுதுவதற்குப் பதமாக்கப்பட்ட முறையே ஒரு காப்பு முறையாகும். இளமையும் முதிர்ச்சியும் அளவாய் அமைந்த ஓலையைத் தேர்ந்து, நீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்டு, அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். எழுத்தாணியால் கீறிய எழுத்தின் மீது விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் தடவினார்கள். கரி ஒளியால் மங்காத பொருள். கீறலோ ஓலையின் உடம்பிலேயே பதிந்தது. எனவே எழுத்து ஓலை உள்ளவரை நிற்கும். ஓலை ஒடிந்தால் மட்டுமே எழுத்துப் போகும்.

ஓலை ஒடிவதற்குக் காரணங்கள் சில. மிகுந்த வறட்சியில் அது நெகிழ்ச்சி இழக்கிறது. மிகுந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இராமபாணம் என்று முன்னோர் பெயரிட்ட சிறுவண்டின் புழு, மேலேட்டில் தொடங்கிக் கீழேடு வரை அம்பு துளைத்ததுபோல் நேரே ஊடுருவிச் செல்கிறது. ஒரே துளையில் நாற்பது பாடல்களில் ஒவ்வோர் எழுத்துப் போய்விடும்.

இவற்றுக்கு எதிராகத் தமிழர் கண்ட முறைகள் எளியவை. வசம்பும் வேப்பிலையும் ஏட்டுக்கட்டுகளின் இடையே வைக்கப்பட்டன. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் கலந்து சிறு துணி முடிச்சுகளாக அடுக்குகளில் இடும் வழக்கம் உண்டு. உலர்ந்த ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசி நெகிழ்ச்சி தரும் முறையைச் சுவடிச்சாலைகள் இன்றும் கைக்கொள்கின்றன. இவற்றுள் எந்த மருந்தையும்விடச் சிறந்த மருந்து ஒன்று இருந்தது. அது ஏட்டைப் பிரித்துப் படித்தல். படிக்கப்படும் ஏட்டில் காற்று நுழைகிறது, தூசி உதிர்கிறது, பூச்சியின் தொடக்கம் கண்ணில் படுகிறது. சரசுவதி பூசையன்று ஏடுகளை எடுத்துத் துடைத்து அடுக்கும் வழக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் சோதனை என்று கொண்டால், அதன் பயன் விளங்கும். மழை மாதங்கள் தொடங்குவதற்குச் சற்று முன்னோ, தொடங்கும் தறுவாயிலோ அந்த நாள் வருகிறது என்பதும் எண்ணத்தக்கது.

இரண்டாவது முறை பெயர்த்தெழுதுதல். ஓலை சில நூற்றாண்டுகளே நிற்கும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். பழைய ஏடு தளரும் முன் புதிய ஏடு எழுதப்பட்டது. தொல்காப்பியரின் கைபட்ட ஓலை எங்கும் இல்லை; தொல்காப்பியம் இருக்கிறது. பொருள் அழியும், படி நிற்கும் என்னும் உண்மையை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்த பண்பாடு இது.

அந்தச் சங்கிலி அறுந்த காலத்தில் நேர்ந்ததுதான் பேரிழப்பு. எழுத வல்லாரும் படிக்க வல்லாரும் இல்லாமற்போன வீடுகளில் ஏடு தெய்வமாயிற்று. தெய்வமான பின் அதைத் தொடுவார் இல்லை. தொடாத கட்டுக்குள் கறையான் குடியேறியது. சிதைந்த ஏட்டை வைத்திருப்பது பாவம் என்று கருதி ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்ட செய்தியைக் கேட்டுத் துடித்ததை உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். அங்கே செயல்பட்டது பகைமை அன்று, பக்தி. பொருளை அறியாத பக்தி பகையினும் கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அவர் பதிப்பித்து வந்த வரிசையை இலக்கிய வரலாறு புகழ்கிறது. அச்சிட்ட பின்னும் அவர் ஏடுகளை எறிந்துவிடவில்லை என்பது அதே அளவு புகழத்தக்கது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1943-இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் தோன்றிய நூல்நிலையம் அவ்வேடுகளைக் காத்தது. பின்னர் அது பெசன்ட் நகரில் இயங்கி வருகிறது. அச்சு வந்த பின் ஏடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு மறுமொழி உண்டு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். பதிப்பாசிரியர் ஒவ்வோர் இடத்திலும் புள்ளியைத் தாமே முடிவு செய்கிறார். அம்முடிவு சரியா என்று நாளை ஒருவர் கேட்கும்போது, விடை ஏட்டில்தான் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத தீ

இனிக் காட்டலுக்கு வருவோம் என்றால், முதலில் ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாள், ஓலை, துணி, நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றை ஒளி மெல்ல எரிக்கிறது. அந்த எரிப்புக்குப் புகை இல்லை. ஆனால் ஒருமுறை நேர்ந்த கேடு திரும்பாது. ஒளியை இருட்டறையில் வைத்து ஆற்றிவிட முடியாது. கேடு சேர்ந்துகொண்டே போகும்.

உலக அருங்காட்சியகங்கள் இத்தகைய மென்பொருள்களுக்கு வகுத்த அளவு 50 லக்ஸ். மங்கிய மாலை விளக்கின் அளவு என்று கொள்ளலாம். உச்சிவெயில் 1,00,000 லக்ஸ் வரை எட்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் செய்தி தெளிவாகும். 50 லக்ஸில் நாள்தோறும் 8 மணி நேரம் ஒரு கடிதத்தைக் காட்சிக்கு வைத்தால் ஒருநாள் ஒளி 400 லக்ஸ்மணி. உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் 1,00,000 லக்ஸ்மணி. அதாவது முறையான கூடத்தில் 250 நாள் காட்டுவதால் வரும் தேய்வு, வெயிலில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிரின் கேட்டைச் சேர்த்தால் இன்னும் மிகும். விழாப் பந்தலின் வாசலில், வெயில் விழும் மேசையில், மறைந்த கவிஞர் ஒருவரின் கையெழுத்தைக் காலை முதல் மாலை வரை பரப்பி வைப்பது அவருக்குச் செய்யும் சிறப்பு ஆகாது.

கவிஞர்கள் பயன்படுத்தும் மையை இங்கே தனியே கருத வேண்டும். ஓலையில் கரி, பழைய தாளில் இரும்பு கலந்த மை, பின்னாளில் ஊற்றுப் பேனாவின் நீலமை, அதற்கும் பின் பந்துமுனைப் பேனா. கரி மங்காது. இரும்பு மை தாளையே அரிக்கக் கூடியது. ஊற்றுப் பேனாவின் நீலம் ஒளியில் விரைவில் வெளுக்கும். ஒரு துளி நீர் பட்டால் கரைந்து ஓடும். பந்துமுனை மையும் ஒளிக்குத் தப்பாது. எல்லாவற்றிலும் எளியதாகிய பென்சில் எழுத்து ஒளியால் மங்குவதில்லை. பெருங்கவிதைகள் நீல மையிலும், அவற்றின் குறிப்புகள் பென்சிலிலும் இருந்தால், நூறாண்டுக்குப் பின் குறிப்பு மட்டும் எஞ்சக் கூடும்.

காட்டும் ஆர்வமே கேடு செய்த வரலாறு பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. 1851-இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை மக்கள் காணும்படி சுவரிலே பதிக்கப்பட்டுச் சிமெண்டால் இறுக்கப்பட்டன. அக்காலத்து நோக்கில் அது நல்ல காட்சி. ஆனால் சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறின. பின்னாளில் அவற்றைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுப்பதே ஒரு பெரும்பணியாயிற்று. இதிலிருந்து காப்பு அறிவியல் கற்ற விதி ஒன்று உண்டு: இன்று செய்யும் எதையும் நாளை ஒருவர் பொருளுக்கு ஊறின்றி அகற்றக் கூடியதாகவே செய்ய வேண்டும். அதே அருங்காட்சியகம் 1930-இல் வேதியியல் காப்பு ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்து, பசுமை பூத்து உதிரும் வெண்கலத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் மீட்ட வரலாறும் உண்டு. தவற்றையும் திருத்தத்தையும் ஒரே கூரையின் கீழ்க் காணலாம்.

உப்புக்காற்றும் கருங்கல்லும்

உப்பு என்ன செய்யும் என்பதை அறிய மாமல்லபுரம் போனால் போதும். கடற்கரைக் கோயில் இராசசிம்மன் காலத்துக் கட்டடம். உலகப் பாரம்பரியச் சின்னமாக மாமல்லபுரம் 1984-இல் ஏற்கப்பட்டது. கல்லால் ஆகியதை அழிக்க முடியாது என்று எண்ணுவோர் அதன் சிற்பங்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். காற்று கொண்டுவரும் உப்பு ஈரத்தோடு கல்லின் நுண்துளைகளில் நுழைகிறது. வெயிலில் ஈரம் போகிறது; உப்பு படிகமாகிப் பருக்கிறது; கல்லின் மேற்பரப்பு துகள் துகளாக உதிர்கிறது. மீண்டும் ஈரம், மீண்டும் வெயில். முகங்கள் மழுங்குகின்றன.

தொல்லியல் துறையினர் நனைத்த தாள்கூழைக் கல்லின் மீது அப்பி உலரவிட்டு, உப்பை அக்கூழுக்குள் உறிஞ்ச வைத்து எடுக்கிறார்கள். அலையைத் தடுக்கப் பாறை அரண், காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பு. தாளைக் கொண்டு கல்லைக் காக்கும் இச்செயலில் எழுத்தாளர் மகிழத்தக்க ஒன்று உண்டு.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபோது, மணலுக்குள் புதைந்திருந்த சில சிற்பங்கள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து 2005-இல் நடந்த அகழாய்வில் முருகன் கோயில் ஒன்றின் செங்கல் அடித்தளம் கிடைத்தது. மணல் காத்ததைக் கடல் காட்டியது. ஆனால் வெளிப்பட்ட அன்றே அவற்றின் தேய்வும் தொடங்கியது. புதைந்தது நிற்கிறது, தோன்றியது தேய்கிறது என்னும் இந்த முரண், எந்த ஏட்டுக்கும் பொருந்தும்.

முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா இம்முரணுக்கு வேறொரு வகையில் விடை தேடியது. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துச் சிரியக் கிறித்தவர் வீடு போன்றவை, இடிக்கப்படவிருந்த இடங்களிலிருந்து தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்தெடுக்கப்பட்டு இங்கே மீண்டும் எழுப்பப்பட்டன. வீட்டை அதன் ஊரிலிருந்து பெயர்ப்பது சரியா என்ற கேள்வி எழலாம். பெயர்க்காவிட்டால் அது விறகாகியிருக்கும் என்பதே விடை. அங்கே திண்ணையில் அமரலாம், முற்றத்தில் நடக்கலாம். பயன்படுத்துவதற்கு ஏற்ற பொருளைப் பயன்படுத்தவிட்டும், தொடலாகாத பொருளைத் தொடவிடாமலும் வைப்பதே காட்டலின் நுட்பம்.

மரக்கூழின் சாபம்

ஓலை முந்நூறு ஆண்டு நின்றது. ஆனால் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சிற்றிதழ் கையில் எடுத்தவுடன் நொறுங்குகிறது. இதற்குக் காரணம் பூச்சி அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் கந்தைத் துணிக்கு மாறாக மரக்கூழிலிருந்து மலிவுத் தாள் செய்யப்பட்டது. மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் பிசினும் சேர்க்கப்பட்டன. படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலம் தாளின் நார்களை உள்ளிருந்தே வெட்டுகிறது. செய்தித்தாள் சில மாதங்களில் மஞ்சளாவதற்கு மரக்கூழில் எஞ்சிய லிக்னினே முதன்மைக் காரணம். அமிலம் அடுத்த தாளுக்கும் பரவும். நல்ல தாளில் எழுதிய கடிதத்தைச் செய்தித்தாளில் சுற்றி வைப்பது, நலமான பிள்ளையை நோயாளியின் பக்கத்தில் படுக்க வைப்பது போன்றது.

தமிழ்ப் புதுக்கவிதை பிறந்து வளர்ந்தது பெரும்பாலும் இந்த மலிவுத் தாளில்தான். முந்நூறு படி, ஐந்நூறு படி என்று அச்சிட்ட சிற்றிதழ்கள், கல்லச்சுத் தாள்கள், கையெழுத்து இதழ்கள் ஆகியவற்றைப் பெரிய நூலகங்கள் பல வாங்கவில்லை. அவை தனியார் அலமாரிகளில்தான் தங்கின.

இங்கேதான் கோட்டையூர் முத்தையாவை நினைக்க வேண்டும். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்தவர் அவர். பல்கலைக்கழகப் பட்டமோ நிறுவனத்தின் துணையோ இன்றி, தமிழில் அச்சானவற்றைத் திரட்டத் தொடங்கினார். இலக்கிய நூல்களோடு நிற்காமல் பாட்டுப் புத்தகம், நாடக அறிவிப்பு, மருத்துவக் கையேடு, திருமண அழைப்பிதழ் என்று மற்றவர் குப்பை எனக் கழித்தவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் அத்தொகுதியில் இருந்தன. ஒருவர் வாழ்நாள் உழைப்பு அவரோடு முடிந்துபோவதே தமிழ்நாட்டின் வழக்கம். இங்கே அது நேரவில்லை. சிகாகோப் பல்கலைக்கழகம் தொகுதியை வாங்கியது; வாங்கியும் கடல் கடத்தவில்லை. தொகுதி 1994-இல் சென்னைக்கு வந்து, மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் ஒழுங்கு பெற்று, 1996-இல் ஆராய்ச்சியாளர்க்குத் திறக்கப்பட்டது. அமிலம் தின்னும் நூல்கள் நுண்படச் சுருளில் ஏற்றப்பட்டன. பின்னர் எண்முறைப் படிமங்களும் எடுக்கப்பட்டன. படிப்பவர்க்குப் படிமம், பெட்டகத்துக்கு மூலம் என்பது காத்தலுக்கும் காட்டலுக்கும் இடையே அந்நூலகம் கண்ட உடன்படிக்கை. பழைய பெயர்த்தெழுதும் மரபின் புதிய வடிவமே அது.

ஒரே படியின் துயரம்

படியெடுத்தல் ஏன் கட்டாயம் என்பதை யாழ்ப்பாணம் இரத்தத்தால் எழுதியிருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூலுக்கு வேறெங்கோ ஒரு படி இருக்கலாம். ஒற்றைச் சுவடிக்கு வேறு படி இல்லை. கட்டடம் மீண்டும் எழுந்தது, அவ்வேடுகள் எழவில்லை. அவ்விழப்பின் நினைவு மாறாத தலைமுறை 2005-இல் நூலக நிறுவனத்தை உருவாக்கி, ஈழத்து எழுத்துகளை எண்முறையில் பரவலாகச் சேமித்து வருகிறது. ஓரிடத்தில் மட்டும் உள்ளது எதுவும் இல்லாததற்குச் சமம் என்பதே அவர்கள் கற்ற பாடம்.

நெருப்பைப் போலவே நீரும். 1966 நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ ஆறு பெருகி பிளாரன்சு நகரத்து நூலகத்தைச் சேற்றில் ஆழ்த்தியது. பல நாட்டு இளைஞர்கள் வந்து கைமாற்றிக் கைமாற்றி நூல்களை மீட்டனர். நனைந்த நூலை எப்படிக் காப்பது என்ற அறிவின் பெரும்பகுதி அங்கே பிறந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் புறநகரிலும் வீடு வீடாக நூல்கள் நனைந்தபோது, அவ்வறிவு வீடுகளை எட்டியிருக்கவில்லை. நனைந்தவற்றை வெயிலில் காயப்போட்டவர்களே அதிகம். ஏறத்தாழ இரண்டு நாளில் பூஞ்சணம் முளைக்கும். வெயில் தாளை முறுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், தாளிடை உறிஞ்சு தாள் வைத்து உலர்த்துவதே முறை. ஒரே நாளில் உலர்த்த முடியாத அளவு இருந்தால், நெகிழிப் பையில் சுற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டு, சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். குளிர் பூஞ்சணத்தை நிறுத்தி வைக்கும்.

எண்முறைப் படிமம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புவதும் தவறு. தொண்ணூறுகளில் கணிப்பொறியில் தட்டச்சிட்ட தமிழ்க் கவிதைகள் பல, அக்காலத்து எழுத்துருக் குறியாக்கங்களில் கிடக்கின்றன. இன்று திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அவை ஏறியிருந்த நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியும் வீடுகளில் இல்லை. ஓலையைப் போலவே இதையும் காலந்தோறும் பெயர்த்தெழுத வேண்டும். ஒருங்குறியில் மாற்றி, மூன்று படிகள், இருவேறு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறு ஊரில் என்று வைப்பதே பாதுகாப்பு.

வட்டம் செய்யக் கூடியவை

இலக்கிய வட்டத்துக்குக் குளிரூட்டிய பெட்டகம் கட்டும் வசதி இல்லை. கழியும் கால்வாயும் சூழ்ந்த நாவலூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டுவது இயல்பு. அறுபத்தைந்தைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குப் போதும். ஆயினும் செலவின்றிச் செய்யக் கூடியவை பல.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தல். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துதல். குளியலறைச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியின் அடியையும் தவிர்த்தல். வறண்ட நாட்களில் கதவைத் திறந்து காற்றாட விடுதல். மென்மையான தூரிகையால் தூசி துடைத்தல். குண்டூசியையும் கம்பித் தைப்பையும் துருப்பிடிக்கும் முன் நீக்குதல் ஆகியவை செய்ய வேண்டியவை. கிழிந்த தாளுக்கு ஒட்டும் நாடா போடலாகாது. அதன் பசை சில ஆண்டில் பழுப்பாகித் தாளுக்குள் ஊறும். பின் அகற்ற இயலாது. அன்பின் மிகுதியால் கையெழுத்தை நெகிழி உறையிட்டுச் சூடேற்றி ஒட்டிவிடுவதும் ஆகாது. அது திரும்பாத செயல். நாப்தலின் உருண்டையின் வாசம் பூச்சியைவிட மனிதருக்கே மிகுந்த கேடு செய்யும். பூச்சி பிடித்த நூலைக் காற்றுப் புகாத பையில் இட்டுக் கடுங்குளிர் உறைபெட்டியில் ஓரிரு வாரம் வைத்தால், மருந்தின்றியே பூச்சி மடியும்.

விழாக் காட்சிக்கு மூலத்தின் நல்ல ஒளிப்படியை வைக்கலாம். மூலத்தைக் காட்டியே தீர வேண்டும் என்றால், வெயில் விழாத அறையில், மங்கிய ஒளியில், கண்ணாடிக்குள், சில மணி நேரம் மட்டும் காட்டி, அடுத்த ஆண்டு வேறொன்றைக் காட்டலாம். நூலை முழுதும் மலர்த்தி முதுகை ஒடிக்காமல், இருபுறமும் தாங்கு கொடுத்து அரைவிரிப்பாக வைக்க வேண்டும். சுவரில் ஆணி அறைந்து தாளைத் தொங்கவிடலாகாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று உண்டு; அதற்குத் தேவை ஒரு பென்சில் மட்டுமே. வட்டத்தின் ஒளிப்படங்களின் பின்புறம் யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று மெல்ல எழுதி வைத்தல். பத்தாண்டில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். ஐம்பதாண்டில் எவரும் எவரையும் அறியார். பெயர் தெரியாத முகமும் பாடியவர் பெயர் இழந்த பாட்டும் ஒரே நிலையில் நிற்பவை.

பத்தாண்டுக் கூட்ட அறிக்கைகள், அழைப்பிதழ்கள், திருத்தங்களோடு கூடிய கவிதைப் படிகள், உறுப்பினர் எழுதிய அஞ்சலட்டைகள் ஆகியவை இன்று எவர் வீட்டில், எந்தப் பெட்டியில் உள்ளன என்ற பட்டியல் ஒன்றை வட்டம் இந்த ஆண்டே எழுதத் தொடங்கலாம். ஓர் உறுப்பினர் மறைந்தால் அவர் தாள்கள் பழைய தாள் கடைக்குப் போகும் முன், அவர் வீட்டாரிடம் யார் சென்று பேசுவது என்பதையும் இன்றே முடிவு செய்யலாம். முத்தையாவின் தொகுதி பிழைத்தது, உரிய காலத்தில் உரியவர் சென்று பேசியதால்தான்.

காத்தலும் காட்டலும் பகையல்ல. பிரித்துப் படிக்கப்பட்ட ஏடே பிழைத்தது என்பதை ஓலை கற்பித்தது. அளவறிந்து காட்டுவதும், படியெடுத்துப் பரப்புவதும், மூலத்தை நிழலில் வைப்பதும் ஒரே பணியின் மூன்று பகுதிகள். புறநானூற்றின் 267-ஆம் பாடலைப் பாடிய புலவர் யார் என்று இன்று எவருக்கும் தெரியாது. வட்டத்தின் வெள்ளி விழா மலரில், பத்தாம் ஆண்டுக் கவிஞர் எவருக்கும் அத்தகைய வெற்றிடம் நேராதிருக்கட்டும்.